ஓடினால் தெரிந்துவிடும்: பந்தயத்துக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒருவரின் குணம் தெரிய அவரோடு பல வருஷம் பழக வேண்டும் என்பார்கள். 800 மீட்டர் ஓட்டத்தில் அதற்கு இரண்டு நிமிஷம் போதும். முதல் ரவுண்டில் பயிற்சி தெரியும். இரண்டாவது ரவுண்டில், 600 மீட்டர் தாண்டி, கால் கனத்து மூச்சு முட்டும்போது ஆள் தெரிவார். முழங்கையால் இடிப்பவர் யார், தோற்பது உறுதியானதும் தொடையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குபவர் யார், கடைசியாக வந்தும் ஜெயித்தவரைத் தேடிப்போய்க் கைகொடுப்பவர் யார் என்று மைதானத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நாமக்கல் மாவட்டத்தில் ஜேடர்பாளையம், சோழசிராமணி, கபிலர்மலை, பரமத்திவேலூர் பக்கம் விடிவதற்கு முன்பே ரோட்டோரம் ஓடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். சிலருக்குப் போலீஸ் செலக்‌ஷன், சிலருக்கு ராணுவம், சிலருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். ஒன்றிரண்டு பேருக்கு இந்திய ஜெர்சி கனவு. எல்லாம் நல்ல காரணங்களே. ஆனால் இதே காரணங்களோடு வந்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டும் பெயரைக் கெடுத்துக்கொண்டும் பாதியில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வேகத்துக்குக் குறைவில்லை. எதற்காக ஓடுகிறோம், எதற்காகவும் எதைச் செய்ய மாட்டோம் என்பதை அவர்கள் முடிவு செய்துவைக்கவில்லை. அதனால் வேறு யாரோ வந்து முடிவு செய்துவிட்டார்கள். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது. இன்று சாயங்காலப் பயிற்சிக்குப் போகும் முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• எதற்காக ஓடுகிறீர்கள் என்று இன்றே ஒரு வரியில் எழுதிவையுங்கள். குறி தெரிந்தால்தான் பயிற்சியின் அளவு தெரியும். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிஷம் 30 விநாடிக்குள்ளும் முடிக்க வேண்டும். ஆரோக்கியமான உடம்புள்ளவர் சில மாதம் ஒழுங்காக ஓடினால் எட்டிவிடக்கூடிய நேரம் அது. மாநிலப் பதக்கம் வேண்டுமென்றால் கணக்கு வேறு. அதே 1500 மீட்டரை 4 நிமிஷத்தை ஒட்டி ஓடுகிறவர்களோடு நீங்கள் மோத வேண்டும். அதற்குப் பல வருஷம் ஆகும். காவலர் வேலைக்காக ஓடுகிறவர் ஒலிம்பிக் வீரரின் பயிற்சி அட்டவணையை யூடியூபில் பார்த்துச் செய்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வது இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது.

• எத்தனையாவதாக வந்தாலும் கோட்டைத் தாண்டி முடியுங்கள். பாதியில் ஒதுங்குவது ஒருமுறை சுலபமாகிவிட்டால் அடுத்த முறை அதைவிடச் சுலபமாகும். விழுந்தாலும் எழுந்து ஓடுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் 10,000 மீட்டர் இறுதியில் பின்லாந்தின் லாஸே விரேன் ஓட்டத்தின் நடுவே தடுக்கி விழுந்தார். எழுந்து ஓடித் தங்கம் வாங்கினார். அந்த நேரம் அன்றைக்கு உலக சாதனையாகவும் ஆனது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நெஞ்சு வலி, தலைசுற்றல், எலும்பில் குத்தும் வலி இருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

• உங்கள் ஓட்டத்துக்கான விதிகளைப் படித்து மனப்பாடம் செய்யுங்கள். விதி உங்கள் கஷ்டத்தைப் பார்த்து இரங்காது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரான ஜி. லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை மூன்றாவதாக முடித்தார். தேசியக்கொடி போர்த்திக் கொண்டாடிய பிறகு அறிவிப்பு வந்தது: முந்தும்போது அவருடைய கால் டிராக்கின் உள்பக்கக் கோட்டைத் தாண்டியிருக்கிறது, தகுதி நீக்கம். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மத்திய விளையாட்டு அமைச்சர் பின்னர் அவரை அழைத்து 10 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டினார். ஆனாலும் பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 25 சுற்று ஓடியவருக்கு ஒரு காலடி அது. ஸ்டார்ட்டும் அப்படித்தான். 2010 முதல் தனி ஓட்டங்களில் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட் போதும், வெளியே அனுப்பிவிடுவார்கள். 2011 தேகு உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட்டையே அனுப்பினார்கள்.

• வெயில் ஏறும் முன் ஓடி முடியுங்கள். சித்திரை, வைகாசியில் நாமக்கல் சமவெளி காலை எட்டு மணிக்கே சுடுகிறது. வண்டி எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள், வெளிர் நிறச் சட்டை போடுங்கள். கரும்பு வெட்டு நாட்களில் லோடு டிராக்டர்களுக்குப் பின் விளக்கு இருக்கும் என்று நம்பாதீர்கள். ராஜவாய்க்கால் கரையில் இருட்டில் ஓடுவதானால் கையில் டார்ச் வேண்டும். அங்கே பாம்பு சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம் படுகை அணைப் பக்கம் போகவே வேண்டாம், வெளியூர் வண்டிகள் அதிகம்.

• ஊர்ச் சாப்பாட்டை நம்புங்கள். ஓடுகிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் உங்களைச் சுற்றியே விளைகிறது. முட்டைக்கு நாடே நாமக்கல்லைப் பார்க்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பரமத்திவேலூர் வாழைப்பழம், நிலக்கடலை, ராகிக் களி, பச்சைப்பயறு, ஜேடர்பாளையம் வெல்லம் போட்ட கடலை உருண்டை என்று எல்லாம் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் விலை போட்ட டப்பாவை வாங்கும் முன் ஒரு மாதம் இவற்றை வேளாவேளைக்குச் சாப்பிட்டுப் பாருங்கள்.

• ஓடிய நேரத்தை நோட்டில் எழுதுங்கள், நூறில் ஒரு பங்கு விநாடி வரைக்கும். ஞாபகம் நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும், நோட்டு சொல்லாது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலம் 55.41-க்குப் போனது. உஷாவின் அந்த 55.42 இந்தியச் சாதனையாக 39 வருஷம் நின்றது. 2023 செப்டம்பரில் சண்டிகரில் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் 55.43-இல் ஓடினார். உஷாவின் நேரத்தைத் தொட நூறில் ஒரு பங்கு குறைந்தது. மூன்று வாரம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் அந்த 55.42-ஐத் தொட்டார், இறுதியில் வெண்கலம் வாங்கினார். சண்டிகரில் தவறியதற்கு உட்கார்ந்து அழுதிருக்கலாம். அடுத்த தடையைத் தாண்டப் போய்விட்டார். உங்கள் நோட்டில் நேரத்தோடு தூக்கம் எத்தனை மணி, வலி எங்கே, மனம் எப்படி என்பதையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படித்தால் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

• பயிற்சியாளரிடம் வலியை மறைக்காதபடி பழகிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தால் ஒரு வாரத்தில் சரியாகிற வலி, தெரியாவிட்டால் ஒரு சீசனையே தின்றுவிடும்.

• உங்களுக்காகக் கஷ்டப்படுகிறவரை ஒருநாள் மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். யாருக்காக ஓடுகிறோம் என்பது கடைசி நூறு மீட்டரில் கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி. பொட்டப்பிள்ளையை ஏன் ஓட விடுகிறாய் என்று ஊரார் கேட்டும் பாட்டி நிறுத்தவில்லை. வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த ரேவதியைக் கண்ணன் என்ற பயிற்சியாளர் கண்டெடுத்தார். அந்தப் பெண் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்பு ரிலேயில் இந்தியாவுக்காக ஓடினார். உங்கள் வீட்டிலும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து டீ போட்டுக் கொடுக்கும் ஒருவர் இருப்பார். அவர் இதுவரை நீங்கள் ஓடுவதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

• வாய்ப்பு வந்தால் ரிலேயில் ஓடுங்கள். தனி ஓட்டத்தில் மறைத்துவைக்க முடிகிற குணம் ரிலேயில் மறையாது. பேட்டன் கைமாறும்போது உங்கள் அவசரம் இன்னொருவருக்கு நஷ்டம், உங்கள் பொறுமை இன்னொருவருக்கு லாபம். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் இந்தியாவின் நால்வர் 4x400 மீட்டரை 2 நிமிஷம் 59.05 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தார்கள், அமெரிக்காவுக்கு அடுத்து முடித்தார்கள். கடைசிச் சுற்றை ஓடியவர் நம் ராஜேஷ் ரமேஷ். திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தவர். ஓட்டம் அவருக்கு மட்டும் சொந்தமாக இருந்திருந்தால் என்றைக்கோ நின்றிருக்கலாம். அவர் கைக்கு வரப்போகும் பேட்டனுக்காக மூன்று பேர் ஏற்கெனவே மூச்சிரைக்க ஓடி முடித்திருந்தார்கள்.

• படிப்பையோ ஒரு தொழிலையோ கூடவே பிடித்து வையுங்கள். கால் ஒரு நாள் நின்றுபோகலாம். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கும் கல்வித் தகுதி கேட்பார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டுப் பதக்கத்தை மட்டும் நீட்டினால் கதவு முழுதாகத் திறக்காது.

• விழுந்தவருக்குக் கைகொடுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக் 5,000 மீட்டர் தகுதிச் சுற்றில் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளின் விழ, பின்னால் வந்த அமெரிக்காவின் ஆபி டகஸ்டினோ அவர் மேல் இடறி விழுந்தார். முதலில் எழுந்த ஆபி, நிக்கியைத் தட்டி எழுப்பினார். சற்று நேரத்தில் ஆபியின் முழங்கால் கைவிட்டது. இப்போது நிக்கி நின்று அவருக்காகக் காத்திருந்தார். அதற்குமுன் இருவருக்கும் பழக்கமில்லை. அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர் யார் என்று இன்று கேட்டால் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது.

செய்யக்கூடாதவை

• ஊசியைத் தொடாதீர்கள். பெயர் தெரியாத பவுடரை வாயில் போடாதீர்கள். இதில் ஒரே ஒரு முறை என்பது கிடையாது. ஸ்டீராய்டு கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சியை நிறுத்தும், பெண் பிள்ளைகளுக்குக் குரலையே மாற்றிவிடும். பிடிபட்டால் முதல் முறையே பெரும்பாலும் 4 வருஷத் தடை. ஓட்டக்காரருக்கு 4 வருஷம் என்பது கிட்டத்தட்ட முழு வாழ்க்கை.

திருச்சி முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்துவை நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் தோஹா ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. பேருந்து வசதி சரியாக இல்லாத கிராமத்திலிருந்து 30 வயதில் அந்த இடத்துக்கு வந்தவர். சில வாரத்தில் பரிசோதனையில் தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு தெரிந்தது. பதக்கம் போனது, 4 வருஷத் தடை வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். ஆனால் விதி ஒன்றுதான்: உடம்பில் இருப்பதற்கு ஓடுகிறவரே பொறுப்பு. கொடுத்தவர் யார், எதில் கலந்தது என்பதெல்லாம் அப்புறம். அதனால்தான் சொல்கிறேன், ஜிம்மில் நண்பர் நீட்டுவதை வாங்காதீர்கள். சளிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினாலும் ஓடுகிறவர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் நடந்தது இன்னும் மோசம். ஊக்கமருந்துப் பரிசோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்குத் தகுதி பெற்ற எட்டுப் பேரில் ஒரே ஒருவர்தான் கோட்டுக்கு வந்தார். ஜூனியர் பெண் ஒருவர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார் என்று செய்தி வந்தது. அந்த வயதில் ஒரு பிள்ளை எதைக் கண்டு அவ்வளவு பயந்து ஓட வேண்டும்? பிள்ளைக்கு மருந்து கொடுத்தவர்தான் முதல் குற்றவாளி. ஆனால் தடை பிள்ளைக்குத்தான்.

• வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்காதீர்கள். பதினெட்டு வயதுப் பையன் பதினாறு வயதுப் போட்டியில் ஜெயிப்பது வெற்றி ஆகாது. அது ஒரு சின்னப் பையனின் இடத்தைத் திருடுவது. ஜூனியர் போட்டிகளில் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைச் சரிபார்க்கிறார்கள். பிடிபடாவிட்டாலும், சீனியருக்கு வந்ததும் அந்த இரண்டு வருஷ லாபம் கரைந்து போய், சமவயதினரோடு ஓடத் தெரியாமல் நிற்பீர்கள். அப்படி நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

• மினி மாரத்தானில் குறுக்கே போகாதீர்கள், நண்பரின் வண்டியில் தொற்றாதீர்கள். 1980 பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்ததாக மாலை சூடிய ரோஸி ரூயிஸ், கடைசிப் பகுதியில்தான் கூட்டத்திலிருந்து உள்ளே நுழைந்தார் என்று தெரிந்தது. எட்டு நாளில் பட்டம் பறிபோனது. அவர் வாழ்ந்த காலம் முழுவதும் அந்த ஒரு நாள் அவரை விடவில்லை. மேடையில் கொடுக்கிற கோப்பைக்கும் டி-ஷர்ட்டுக்கும் இந்த விலை கொடுக்கலாமா?

• தானாகக் கைக்கு வந்த தவறான வெற்றியை எடுத்துக்கொள்ளாதீர்கள். 2012 டிசம்பரில் ஸ்பெயினின் புர்லாடா ஊரில் ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டம். முன்னணியில் வந்த கென்யாவின் ஆபெல் முத்தாய், கோட்டைத் தாண்டிவிட்டதாக நினைத்துச் சில மீட்டர் முன்பே நின்றுவிட்டார். அவர் லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் வெண்கலம் வாங்கியவர். பின்னால் இரண்டாவதாக வந்த ஸ்பெயின்காரர் இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா தாண்டிப் போயிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. மொழி புரியாததால் சைகை காட்டி, பின்னாலேயே நின்று, முத்தாயைக் கோட்டைத் தாண்டவைத்துவிட்டுத் தான் இரண்டாவதாக முடித்தார். முன்னாள் உலக மாரத்தான் சாம்பியனான அவருடைய பயிற்சியாளர் மார்ட்டின் ஃபிஸ், தானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்றார். எனக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லை: சீடன் செய்ததுதான் சரி. உங்கள் குறுவட்டப் போட்டியில் இதே மாதிரி நடக்கும். சுற்றை எண்ணுகிறவர் தவறாக எண்ணி, ஒரு சுற்று குறைவாக ஓடிய உங்களை முதலாவது என்று அறிவிப்பார். கைதூக்கிச் சொல்லிவிடுங்கள். உங்களோடு ஓடியவர்களுக்கு உண்மை ஏற்கெனவே தெரியும்.

• ஜெயித்த பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், பேச விடாதீர்கள். புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். ஊக்கமருந்து இல்லை, குறுக்கு வழி இல்லை, பிறந்த உடம்பு ஒன்றுதான் அவர் செய்த குற்றம். அந்தப் பெண் தமிழ்நாடு அரசு தந்த பரிசுப் பணத்தைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் செலவிட்டார். பணம் தீர்ந்த காலத்தில் சூளையில் தினக்கூலிக்கும் போனார். பிற்பாடு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் போன பிறகும் மைதானத்துக்கே திரும்பிவந்தவரைவிட நோக்கம் தெளிவான ஓட்டக்காரர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் டீமில் ஒரு பெண்ணைப் பார்த்து ‘பையன் மாதிரி இருக்கா’ என்று யாராவது சொன்னால் அங்கேயே அவர் வாயை அடைத்துவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையால் ஓட்டத்தையே விட்ட பெண்கள் எத்தனையோ பேர்.

• தோற்றதற்குக் காரணம் அடுக்காதீர்கள். லேன் சரியில்லை, ஷூ வழுக்கியது, ஸ்டார்ட்டர் விசிலை லேட்டாக ஊதினார் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அதே லேனில், அதே விசிலுக்கு ஓடித்தான் இன்னொருவர் ஜெயித்தார்.

• முன்கால் எலும்பில், முழங்காலில் வலி இருக்கும்போது வீரம் காட்டாதீர்கள். தார் ரோட்டில் தினமும் ஓடினால் முன்கால் எலும்பில் விரிசல் விழலாம். வாரத்தில் இரண்டு நாளாவது மண் தரையில் ஓடுங்கள், ஒரு நாள் முழு ஓய்வு எடுங்கள். ஓய்வு எடுக்கத் தெரியாதவர் நீண்ட நாள் ஓடியதில்லை.

• பணம் கொடுத்தால் செலக்‌ஷன் வாங்கித் தருகிறேன், சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் நிற்காதீர்கள். ஆர்டர் கையில் வந்தாலும் சரிபார்ப்பில் போலி என்று தெரிந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். ஆடு மாடு விற்றுக் கட்டிய பணம் திரும்பாது. போட்டி அறிவிப்பு, தேர்வு முகாம், முதலமைச்சர் கோப்பைக்கான பதிவு எல்லாவற்றுக்கும் நேராக மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போய்க் கேளுங்கள். நாமக்கல் போய்வர ஒரு நாள் ஆகும். புரோக்கரிடம் ஏமாந்தால் பல வருஷம் ஆகும்.

• பிள்ளையின் கால்களை வீட்டுக் கடன் அடைக்கும் வழியாக்காதீர்கள். இது பெற்றோருக்கு. நம் பக்கம் பிள்ளை பிளஸ் டூ மார்க்குக்காக எப்படி நெருக்கப்படுகிறதோ அதே மாதிரி இப்போது பதக்கத்துக்காகவும் நெருக்கப்படுகிறது. மாவட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்த பிள்ளையைப் பார்வையாளர் வரிசையிலேயே திட்டுகிற தகப்பன்மார்களைப் பார்க்கிறேன். அவினாசி பக்கத்துத் தருண் அய்யாசாமிக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. ஆசிரியையான அம்மா தனியாக வளர்த்தார். அந்தப் பிள்ளை 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.96 விநாடியில் ஓடி, தேசிய சாதனையோடு வெள்ளி வாங்கியது. அப்படி ஒரு பிள்ளை எல்லார் வீட்டிலும் வராது, வர வேண்டியதும் இல்லை. ஓட்டத்தால் உங்கள் பிள்ளை நேரத்துக்கு எழுந்து, பொய் சொல்லாமல், தோற்றாலும் தலைநிமிர்ந்து வீடு வந்தால் செலவழித்த பணம் வந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த போட்டியில் அவன் அல்லது அவள் ஓடி முடித்து வரும்போது முதலில் ‘தண்ணி குடிச்சியா கண்ணு’ என்று கேளுங்கள். எத்தனையாவது இடம் என்பதைப் பிள்ளையே சொல்லும்.